மண் இல்லாமல் பூத்த ஓர்கிட்



சீன தேசத்துப் பழைய ஓவியங்களில் ஒரு பூவைக் கண்டால், அதற்குள் ஒரு கருத்தும் இருக்கும். பனிக்காலம் முடியுமுன்பே இலையற்ற கொப்பில் பூப்பது பிளம். அது துணிவுக்கும் பொறுமைக்கும் அடையாளம். மற்றப் பூக்கள் வாடும் இலையுதிர் காலத்தில் மலரும் செவ்வந்தி, ஆரவாரத்தை விட்டு ஒதுங்கி வாழ்வோரின் பூ. சேற்றில் பிறந்தும் சேறு ஒட்டாத தாமரை தூய்மையைக் குறிக்கும். பெரிய இதழ்களையுடைய பியோனி செல்வத்தின் பூ. பிளம், ஓர்கிட், மூங்கில், செவ்வந்தி ஆகிய நான்கையும் 'நான்கு கனவான்கள்' என்று அழைப்பார்கள்.

இவற்றுள் ஓர்கிட்டின் கதை நம் மனதைத் தொடும். சீன ஓவியர்கள் வரைந்த ஓர்கிட், நாம் மரத்தில் கட்டி வளர்ப்பது போன்றதல்ல. மண்ணில் வேரூன்றி வளர்வது. யாரும் பாராத மலைக்காட்டிலும் மணம் வீசுவதால் நல்லோருக்கு அதனை ஒப்பிடுவார்கள்.

1279ஆம் ஆண்டில் சொங் அரசு மங்கோலியரிடம் முற்றாக வீழ்ந்தது. ஜெங் சிசியாவ் என்ற ஓவியர் புதிய அரசில் சேவை செய்ய மறுத்து ஒதுங்கி வாழ்ந்தார். அதன்பின் அவர் ஓர்கிட்டை மண் இல்லாமலே வரைந்தார். காரணம் கேட்டவர்களிடம், மண்ணைத்தான் அந்நியர் பறித்துக்கொண்டார்களே என்றாராம். 1306இல் அவர் வரைந்த ஓர்கிட் இன்று ஜப்பானின் ஒசாகா நகர நுண்கலை நூதனசாலையில் உள்ளது. கறுப்பு மையில் சில மெல்லிய இலைகள், நடுவே பூ, அடியில் வெறும் தாள்.

அதே காலத்தில் வாழ்ந்தவர் குவான் தாவ்ஷெங் (1262–1319) என்ற பெண். மூங்கில் வரைவது படித்த ஆண்களின் கலையாகக் கருதப்பட்ட நாளில், அவர் மூங்கில் வரைந்து பேரெடுத்தார். காற்றுக்கு வளையும், ஆனால் முறியாது என்பதே மூங்கிலின் பொருள். அவருடைய கணவர் அந்தப் புதிய அரசிலேயே பதவி வகித்தார். ஜெங்கின் வழி வேறு, குவானின் வழி வேறு. ஆயினும் இருவரும் தூரிகையைக் கைவிடவில்லை.

ஊரை விட்டு இடம்பெயர்ந்த சகோதரிகளுக்கு அந்த வெறும் தாளின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. அடுத்த முறை தலையணை உறையில் பூத் தைக்கும்போது, எந்தப் பூ, ஏன் அந்தப் பூ என்று யோசியுங்கள். அது உங்கள் பழைய முற்றத்தில் நின்ற பூவாகவும் இருக்கலாம். தைத்து முடித்ததும் அதன் கதையைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.