வயது ஏற ஏறச் சுவை கூடும் தேநீர்



மயிலாப்பூரானாலும் தியாகராய நகரானாலும் காபிப் பொடிக்கு ஒரே சட்டம்தான்: அன்றைக்கு வறுத்து அன்றைக்கே அரைத்ததாக இருக்க வேண்டும். மணம் போய்விடும் என்று கால் கிலோவுக்கு மேல் வாங்காத வீடுகள் அடையாறு வரை உண்டு. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த நமக்கு, இருபது வருடம் அலமாரியில் இருந்த தேயிலைக்குத்தான் மதிப்பு அதிகம் என்றால் நம்பக் கடினம். சீனாவின் யுன்னான் மாகாணத்துப் பூ-அர் தேயிலை அப்படிப்பட்டது. மார்கழிக் குளிருக்கு அதைப் பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்கும்.

அந்தத் தேயிலை மரம் நமக்கு அந்நியமில்லை. அசாமில் விளையும் அதே பெரிய இலை வகைதான். பறித்த இலையை இரும்புச் சட்டியில் வதக்கி, சுருட்டி, வெயிலில் உலர்த்துகிறார்கள். பிறகு ஆவி காட்டி வட்ட வில்லையாக அழுத்துகிறார்கள். வழக்கமான வில்லை 357 கிராம். ஏழு வில்லை சேர்ந்த ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. இப்படிப்பட்ட தேயிலைச் சுமைகள்தான் ஒரு காலத்தில் மலைப்பாதையில் குதிரை முதுகில் திபெத்துக்குப் போயின.

நீலகிரித் தேயிலை ஆலையை விட்டு வெளியே வரும்போதே முழுமை பெற்றுவிடுகிறது. பூ-அர் வில்லைக்கு அதன் பிறகுதான் வாழ்க்கை. காற்றும் ஈரமும் நுண்ணுயிர்களும் வருடக்கணக்கில் அதை மாற்றிக்கொண்டே இருக்கும். நம் வீட்டு ஜாடியில் உப்புப் போட்டு அழுத்திய புளி, வருடம் போகப் போகக் கறுத்து, கடும் புளிப்பு தணிந்து வருமே, ஏறக்குறைய அதே கதை. புது வில்லையின் சாறு மஞ்சளாக இறங்கும். கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடிக்கும். நன்றாக முதிர்ந்ததோ செம்பழுப்பாக இறங்கும். பழைய மரப்பெட்டி, கற்பூரம், மழை நனைத்த மண் என்று மணம் விரியும். குடித்து முடித்த பிறகும் தொண்டையில் இனிப்பு தங்கும்.

அத்தனை வருடம் காத்திருக்க முடியாதவர்களுக்காக 1973இல் குன்மிங் தேயிலை ஆலையில் ஒரு வழி கண்டார்கள். இலையைக் குவித்து, நீர் தெளித்து, மூடி வைத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் கறுத்துக் கனிந்துவிடும். முதல்முறை குடிப்பவர்கள் இந்த வகையில் தொடங்குங்கள். விலையும் எட்டும்.

மலேசியாவில் உறவினர் உள்ளவர்களுக்கு இன்னொரு பெயரும் சொல்ல வேண்டும். ஈப்போ பக்கத்து ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் குடித்தது சீனாவின் குவாங்ஸி பகுதியில் விளையும் லியூபாவ் தேயிலை. அதுவும் இதேபோல முதிரவிடும் தேயிலைதான். அன்று உழைப்பாளிகளின் தாகம் தீர்த்த சரக்கை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். கோலாலம்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ யாராவது வந்தால், ஒரு பொட்டலம் வாங்கி வரச் சொல்லுங்கள்.

போடும் விதம் எளிது. பாலும் சர்க்கரையும் வேண்டாம். ஐந்து கிராம் இலையில் கொதிக்கும் நீரை ஊற்றி, முதல் நீரை உடனே கொட்டிவிடுங்கள். அடுத்து பத்து, பதினைந்து விநாடி ஊறினால் போதும், வடித்துவிடலாம். அதே இலை ஏழெட்டு முறை தாங்கும். ஒவ்வொரு முறையும் சுவை வேறாக இருக்கும்.

பாதுகாப்பதில்தான் கவனம் தேவை. இந்த இலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும். பெருங்காயம் மணக்கும் சமையலறை, ஊதுபத்தி எரியும் பூஜை அறை, அந்துருண்டை போட்ட பீரோ மூன்றும் ஆகாது. வெயில் படாத மூலையில் மூடியுள்ள மண்பானை போதும். நம் ஊர்க் காற்றின் ஈரம் இலை முதிர உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவே அளவு மீறும். அப்போது அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்ததைக் குடிக்காதீர்கள்.

2007இல் பூ-அர் விலை வெறித்தனமாக ஏறிச் சரிந்தது. லாபத்துக்காகப் பதுக்கியவர்கள் பலர் நொந்துபோனார்கள். குடிப்பதற்காக வைத்திருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: ஒரே ஒரு வில்லை வாங்குங்கள். வாங்கிய தேதியை மேலுறையில் எழுதுங்கள். வருடம் ஒருமுறை கொஞ்சம் உடைத்து, வீட்டில் எல்லோரும் சேர்ந்து குடித்துப் பாருங்கள். இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளை வேலைக்குப் போகும் வயதில், எந்தக் கடையிலும் கிடைக்காத தேநீர் உங்கள் வீட்டில் இருக்கும்.

அதுபோல உங்கள் வீட்டில் வருடக்கணக்கில் காத்துவரும் உணவுப் பொருள் ஏதாவது இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்