மைனாவும் உண்ணிச்செடியும்: வில்லன் யாரு?

ஒன்னு பறவை, இன்னொன்னு பூக்கிற புதர். இதுல ஒப்பிட என்ன இருக்குன்னு கேட்பீங்க. உலகின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் இனங்கள் என்று ஐ.யு.சி.என். அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இரண்டுமே இருக்கு!

மைனா நம்ம ஊர்ப் பறவை. கேன்டீன் வாசலில் இட்லித் துணுக்குக்குச் சண்டை போடுமே, அதே மஞ்சள் மூக்குதான். பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் என்று நம்பி 1862-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னுக்குக் கொண்டுபோனாங்க. இப்போ அங்கே மரப்பொந்துகளைப் பிடித்துக்கொண்டு உள்ளூர்க் கிளிகளை விரட்டுது.

உண்ணிச்செடியின் கதை தலைகீழ். அமெரிக்க வெப்பமண்டலத்தில் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்து அழகுக்காக இந்தியா வந்தது. இன்று முதுமலை, பந்திப்பூர் காடுகளில் புதராக மண்டிக் கிடக்கு. இலை ஆடுமாடுகளுக்கு விஷம். அது அடர்ந்த இடத்தில் புல் முளைக்காது. மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சல் குறையுது.

மைனாவுக்கு இறக்கை இருக்கு. நகர முடியாத செடி எப்படிப் பரவியது? அதன் கறுப்புப் பழத்தைத் தின்ற பறவைகள் விதையை எச்சத்தோடு போட்டுட்டுப் போகும். ஹவாய்த் தீவுகளில் இந்த இரண்டும் சந்தித்தன. 1858-ல் அழகுக்காகச் செடி வந்தது. 1865-ல் புழுவைத் தின்ன மைனா வந்தது. மைனா புழுவோடு நிற்கவில்லை. பழத்தையும் தின்று செடியை ஊரெல்லாம் பரப்பியது. ஒரு பிரச்சினைக்குக் கொண்டுவந்த தீர்வு, இன்னொரு பிரச்சினைக்கு டெலிவரி பாய் ஆனது!

என்னைக் கேட்டால் இரண்டுமே வில்லன் இல்லை. சொந்த மண்ணில் இரண்டும் அடக்கமாகத்தான் இருந்தன. இடம் மாற்றியது மனுஷன். அதுக்காகச் செடியை அப்படியே விட்டுடவும் முடியாது, காடு காலியாகிடும். வேரோடு எடுக்கணும், எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல், மரம் வளர்க்கணும். இல்லேன்னா அதே செடி திரும்ப வரும்.

நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க. டிசைனில் 'சைடு எஃபெக்ட்' பார்க்காம விட்டா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அதனால அடுத்த மரம் நடும் விழாவில் போட்டோவுக்கு நிற்பதற்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: இந்தச் செடி எந்த ஊர்? இதன் விதையை யார் சுமப்பாங்க? பதில் தெரியலேன்னா ஆவாரையோ வெட்சியோ வைக்கச் சொல்லுங்க. அதுவும் அழகாத்தான் பூக்கும்.