செடிக்குப் பெயர் சொல்லத் தெரிந்த ஆள் தேவை

கொங்கு நாட்டு விவசாயி வெள்ளாமையில் நோய் கண்டால் முதலில் போவது உரக்கடைக்கு. கையில் நாலு இலையைப் பறித்துக்கொண்டு போய், "இதுக்கு என்னங்க மருந்து?" என்று கேட்பார். வேளாண் அலுவலரும் பல்கலைக்கழக விஞ்ஞானியும் அதற்குப் பிறகுதான். ஆக, ஒரு பயிருக்கு நடக்கும் முதல் வைத்தியம் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நடக்கிறது.

அங்கே நிற்பவருக்குச் செடியைப் பற்றி எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்குப் பொள்ளாச்சித் தென்னையே போதும். 2016இல் சுருள் வெள்ளை ஈ வந்து ஓலைகள் கறுத்தன. பார்த்த மாத்திரத்தில் பூஞ்சாண நோய் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தக் கறுப்பு, ஈ வெளியேற்றும் இனிப்பான கழிவின்மேல் வளரும் கரும்பூசணம். ஓலைக்குள் அது புகுவதில்லை. பூச்சிமருந்தை அடித்தால், வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற குட்டிக் குளவியும் கூடவே சாகும். அதனால்தான் மைதா மாவைக் கரைத்துத் தெளித்துக் கறுப்பை உதிர்க்கச் சொன்னார்கள் விஞ்ஞானிகள். மருந்து விற்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, "மருந்து வேண்டாம், மைதா வாங்கிக்கங்க" என்று சொல்ல வியாபார மனசு மட்டும் போதாது, படிப்பும் வேண்டும்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2015இல் திருத்தப்பட்ட பூச்சிக்கொல்லி விதிகளின்படி, மருந்து விற்க உரிமம் கேட்பவர் வேளாண்மையிலோ, தாவரவியல், விலங்கியல், வேதியியல் போன்ற பாடங்களிலோ பட்டம், அல்லது விதி ஏற்கும் பட்டயம் பெற்றிருக்க வேண்டும்; இல்லையென்றால் அப்படிப் படித்த ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டும். கிராமத்துச் சந்தை வரைக்கும் உரக்கடை இருக்கும் ஒரு வட்டாரத்தில் இது சின்ன வாய்ப்பு இல்லை. ஆனால் பி.எஸ்சி. தாவரவியல் வகுப்பில் இப்படியொரு விதி இருப்பதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, படித்தவர் வேறெங்கோ இருக்கும் நிலை உரக்கடைகளில் வந்துவிடக் கூடாது என்ற கவலை எனக்கு உண்டு.

தாவரவியல் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோருக்கு நம்மிடம் உள்ள பதில் ஒன்றே ஒன்று: பி.எட். முடித்தால் டீச்சர் ஆகலாம். அது பொய்யில்லை. மேல்நிலைப் பள்ளிகளில் தாவரவியலுக்கென்று முதுநிலை ஆசிரியர் பணியிடம் இருக்கிறது. ஆனால் பட்டம் மூன்று, முதுநிலை இரண்டு, பி.எட். இரண்டு என ஏழு ஆண்டுகள் படித்துவிட்டு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வை எழுதத் தாவரவியல் பட்டம் போதும். அதில் வெல்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வேளாண் அலுவலர் பதவியோ வேளாண் பட்டதாரிகளுக்கு மட்டும்தான். அரசு வேலை ஒன்றையே வேலை என்று எண்ணினால் கணக்கு இங்கேயே முடிந்துவிடும்.

வேறு எந்த ஊரிலாவது இப்படி முடிந்தால் சரி என்று விடலாம். கோயம்புத்தூர் தாவரவியலால் பெயர் வாங்கிய ஊர். 1912இல் இங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்ற சார்லஸ் ஆல்பிரட் பார்பர், அதற்கு முன் சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளராக இருந்தவர். வட இந்தியாவில் கரும்பு பூத்து விதை பிடிப்பது அரிது. கோவைத் தட்பவெப்பத்தில் தாராளமாகப் பூக்கும். நிலையம் இங்கே அமைந்ததற்குக் காரணமே அதுதான். மெல்லிய தண்டு கொண்ட காட்டு நாணலையும் சாறுள்ள கரும்பையும் கலந்து பிறந்த கோ 205 ரகம் 1918இல் வெளிவந்து பஞ்சாப் வரை போனது. பிறகு 1934 முதல் 1939 வரை இங்கே வேலை பார்த்தவர் ஜானகி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ், மிச்சிகனில் முனைவர் பட்டம். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலக்க முயன்ற துணிச்சல்காரர். வேளாண் பட்டம் இல்லாததால் யாரும் அவரை வாசலில் நிறுத்தவில்லை.

இன்று வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. 1853இல் சென்னையில் தொடங்கிக் கோவைக்கு இடம்பெயர்ந்த மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உலர்செடிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. வன மரபியல் நிறுவனம், காஸ் வன அருங்காட்சியகம் எல்லாம் பஸ் பிடித்தால் அரைமணி தூரம். இத்தனையும் இருக்கிற ஊரில் மூன்று வருடம் பாட்டனி படித்த பிள்ளைக்கு, தன் வீட்டு வேலியில் முளைத்த செடியின் பெயர் தெரியவில்லை என்றால் குற்றத்தைப் பிள்ளைமேல் போட முடியாது.

மூலனூர், தாராபுரம் பக்கம் போனால் காட்டில் பந்தல் கட்டிக் கண்வலிக்கிழங்கு வளர்க்கிறார்கள். மாநில மலரான செங்காந்தள்தான் அது. பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளிடமிருந்து விலகிச் செங்கோணமாக மடங்கி நிற்பதால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலையில் ஆட்கள் பூப்பூவாகத் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள். கல்லூரியில் படம் வரைந்து பாகம் குறிக்கும் பாடத்தை இங்கே கூலிக்குச் செய்கிறார்கள். விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கீல்வாத மருந்தாக ஏற்றுமதியாகிறது. செல்லில் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கவும் அதே பொருள்தான். ஜானகி அம்மாள் பின்னாளில் இங்கிலாந்தில் மக்னோலியாச் செடிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். விதையை வாங்கும் வியாபாரி சொல்லும் விலைதான் விவசாயிக்கு விலை. எந்தத் தோட்டத்து விதையில் கோல்ச்சிசின் எவ்வளவு என்று சோதித்துச் சொல்ல உள்ளூரில் படித்த ஆள் இருந்தால் பேரத்தின் போக்கே மாறும். தாவரவியலோடு கொஞ்சம் வேதியியல் கற்ற ஒருவர் சிறிய அளவில் தொடங்கக்கூடிய தொழில் அது. அரசு கடன் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் கேட்பதற்கு ஆள் வேண்டும்.

மருந்துச் சரக்கிலும் இதே கதை. அசோகப்பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டை கலந்து வருவது ஊரறிந்த மோசடி. மருந்துப் பொருள் விதிகளின் அட்டவணை 'T', ஆயுர்வேத, சித்த மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தாவரவியலாளரையும் கேட்கிறது. அங்கீகரித்த வெளி ஆய்வகத்தில் சோதித்துக்கொண்டாலும் போதும் என்று அதே விதி சந்தும் விட்டிருக்கிறது. சந்து வழியாகப் போகாமல் ஆலைக்குள்ளேயே ஆள் வைப்பது, கோவையைச் சுற்றியுள்ள ஆலை முதலாளிகள் நினைத்தால் நடக்கிற காரியம்.

சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்குச் செடிப்பட்டியல் எழுதுவது, பஞ்சாயத்துகளின் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்பது, பசுமைத் தமிழ்நாடு இயக்கத்துக்கு நாற்று வளர்ப்பது என்று இன்னும் சில உண்டு. சம்பளத்தைப் பற்றி மட்டும் யாரையும் ஏமாற்ற வேண்டாம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை. தொடக்கச் சம்பளம் ஐ.டி. கம்பெனிக்குப் பக்கத்தில் வராது.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று தேவைப்படுகிறது: கண்ணால் பார்த்துச் செடியைப் பிரித்தறிதல், அதன் சீக்கை இனம் காணுதல். நம் கல்லூரிகள் பயிற்சி கொடுப்பதோ செமஸ்டர் விடைத்தாளுக்கு. கடைசி ஆண்டில் ஒரு பருவத்தை அப்படியே வெளியே அனுப்பலாம்: ஒரு மாதம் உரக்கடை, ஒரு மாதம் நாற்றுப்பண்ணை, மீதி நாள் ஹெர்பேரியம். தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். கொங்கு வட்டாரத்தில் தன்னாட்சிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அடுத்த சேர்க்கைக்கு முன் ஒவ்வொரு துறையும் தன் ஹெர்பேரிய அலமாரியைத் திறந்து, கடைசித் தாளில் எந்த ஆண்டு எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும். அது இப்போதைய துறைத்தலைவர் பதவிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டாக இருந்தால், வேலைவாய்ப்பு முகாம் நடத்தும் பணத்தில் முதலில் ஒரு வேன் பிடித்து மாணவர்களை ஆனைகட்டிக் காட்டுப் பக்கம் அனுப்பலாம்.