ஸ்டார்ட் ஆனா போதுமா?

மழைக்காலம் முழுக்க மூடி வெச்ச பைக்கைப் பொங்கல் லீவுல வெளிய எடுக்கும்போது நம்ம பசங்க பார்க்கறது ஒண்ணே ஒண்ணுதான்: ஸ்டார்ட் ஆகுதா? என்னைக் கேட்டா, ஸ்டார்ட் ஆகாத வண்டியால ஒரு ஆபத்தும் இல்ல. ஆக்ஸிலரேட்டர் இறுகிப்போன வண்டிதான் ஆளைக் கவுக்கும். முறுக்கினது திரும்பி வரலேன்னா, பிரேக் அடிக்கும்போதும் இன்ஜின் முன்னால இழுத்துக்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு தடவை சிக்னல்ல நடந்துச்சு. கிளட்ச்சைப் பிடிச்சு சாவியைத் திருகினதால தப்பிச்சேன்.

இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு முழுசா முறுக்கி விடுங்க. 'டக்'னு தானா திரும்பணும். ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் கடைசி வரை ஒடிச்சும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இறுகினா கேபிள் எங்கயோ மடங்கியிருக்கு.

"ஓட்ட ஓட்ட சரியாயிடும்டா"ன்னு சொல்ல ஒரு மகான் எல்லா ஹாஸ்டல்லயும் இருப்பார். நம்பாதீங்க. முதல்ல கிரிப் பக்கம் கேபிளைக் கழட்டுங்க. அப்பவும் கிரிப் கஷ்டப்பட்டு சுத்தினா குத்தம் அங்கதான்: காய்ஞ்ச கிரீஸ், மண், இல்லேன்னா முனையில உரசற ரப்பர். கிரிப் லேசா சுத்தினா கார்புரேட்டர் பக்கமும் கழட்டி கேபிளை மட்டும் இழுத்துப் பாருங்க. உள்ள துரு இருந்தா கையிலயே தெரியும். கேபிளும் வழுக்கிட்டுப் போகுதா? அப்ப கார்புரேட்டருக்குள்ள பழைய பெட்ரோல் பிசினா ஒட்டியிருக்கும், கழுவணும்.

கேபிள் முனையில ஒரே ஒரு இழை பிரிஞ்சிருந்தாலும் எண்ணெய் விட்டு சமாளிக்காதீங்க, புதுசு மாத்துங்க. சாதாரண வண்டிக்கு ஒரு பிரியாணி காசுதான். மாட்டினதும் அந்த ஹேண்டில்பார் சோதனையை இன்னொரு தடவை பண்ணிடுங்க.