இதயம் தேறியபின் வேலை

திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரால் இனி உழைக்க முடியாது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது தவறான எண்ணமாகும்.

இச்சிகிச்சைக்காகப் பிளக்கப்படும் மார்பெலும்பு நன்கு கூடுவதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை கனமான பொருள்களைத் தூக்கக்கூடாது. அமர்ந்து வேலை செய்பவர் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரங்களில் பணிக்குத் திரும்பலாம். கிடங்கில் மூட்டை தூக்குபவருக்கோ கூடுதல் காலம் தேவை.

மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், மருத்துவமனைச் சிகிச்சைக்காக ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்பு வழங்குகிறது. விடுப்பு முடியும்போது உடல் முழுமையாகத் தேறாமல் இருக்கலாம். அப்போது வேலை பறிபோனால் குடும்பமே தள்ளாடும்.

இதற்குத் தீர்வு உண்டு. மூட்டை தூக்கியவருக்குச் சில வாரங்கள் சரக்குக் கணக்கைப் பார்க்கும் பணியைத் தரலாம். வேலை நேரத்தைக் குறைத்து, பிறகு படிப்படியாகக் கூட்டலாம். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, 2007 முதல் பணிக்குத் திரும்பும் திட்டத்தை நடத்துகிறது. அதன் அதிகாரிகள் தொழிலாளி, மருத்துவர், முதலாளி ஆகிய மூவரையும் இணைத்து வழிகாட்டுகின்றனர்.

சிறிய நிறுவனங்களுக்கு இது சுமை எனச் சிலர் கூறலாம். ஆனால், அனுபவமுள்ளவரை இழந்து, புதியவருக்குத் தொடக்கத்திலிருந்து பயிற்சியளிப்பது அதைவிடப் பெரிய சுமை. தொழிலாளியும் தம்மால் இயலாததை மறைக்காமல் கூற வேண்டும்.

ஆகவே, எந்த வேலையை எப்போது தொடங்குவது என்பதை விடுப்பு முடியும் முன்பே இருதரப்பினரும் மருத்துவரின் ஆலோசனையுடன் பேசி முடிவு செய்ய வேண்டும்.