முட்டை ஓடு: குப்பைக்கா, கோழிக்கா?

புதுச்சேரி நகரத்தில் பேக்கரிக்கும் ஓட்டலுக்கும் பஞ்சமில்லை. கேக், ஆம்லெட், முட்டை பரோட்டா என்று தினமும் உடைபடும் முட்டைகளின் ஓடு, மற்றக் குப்பையோடு குருமாம்பேட் கிடங்குக்குப் போகிறது. அதே குருமாம்பேட்டில்தான் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. அந்த ஓட்டைக் கிடங்குக்கு விடாமல் விவசாயிக்குத் திருப்பிவிட நிலையம் முன்வர வேண்டும்.

ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லில் உள்ள அதே பொருள். முட்டைக்கு 6 கிராம் ஓடு என்று வைத்தால், நாளைக்கு 500 முட்டை உடைக்கும் கடையில் 3 கிலோ சேரும். உள்சவ்விலிருந்து கொலாஜன் பிரித்து மூட்டுவலி மாத்திரை செய்கிறார்கள் வெளிநாட்டில். அதற்கு ஆலை வேண்டும், நமக்கு ஓடு போதும்.

ஓட்டிலிருந்து சத்தைப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. முட்டை அமினோ அமிலத்துக்கு முழு முட்டையை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கிறோமே, அப்போது ஓடு நுரைத்துக் கரைவது இதே வேலைதான். வறுத்து நொறுக்கிய ஓட்டைப் பத்து மடங்கு வினிகரில் போட்டாலும் கால்சியம் கரைந்துவிடும். அதை வடிகட்டி, நிறையத் தண்ணீர் கலந்து, முதலில் நாலைந்து தக்காளிச் செடியில் தெளித்துப் பார்க்கலாம்.

ஆனால் வயலுக்கு இதுவே போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலக்கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போடுகிறோம். அந்தக் கால்சியத்துக்கு ஏறக்குறைய 15 ஆயிரம் முட்டையின் ஓடு வேண்டும். ஜிப்சத்திலுள்ள கந்தகமும் இதில் பேருக்குத்தான். களர் மண்ணிலோ ஓட்டுத்தூள் லேசில் கரையாது.

ஆகவே முதல் உரிமை கோழிக்கு. ஒவ்வொரு முட்டைக்கும் அதன் உடம்பிலிருந்து 2 கிராம் கால்சியம் போகிறது. ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, ரவை பருமனுக்கு உடைத்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைக்குக் கொத்திக்கொள்ளும். சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் கொதிக்கவைப்பதை மட்டும் விடக்கூடாது. குஞ்சுகளுக்கு வேண்டாம், கால்சியம் மிஞ்சினால் சிறுநீரகம் கெடும்.

நகராட்சி பேக்கரிகளுக்குத் தனி வாளி கொடுக்கட்டும். குப்பையில் கலந்தபின் ஓட்டைப் பொறுக்க யாராலும் ஆகாது. சவ்வு நாறுவதால் அன்றன்றே எடுக்கவும் வேண்டும். அரைக்கும் வேலையை மகளிர் குழுவிடம் விடலாம். ஓடு இலவசம்தான், வண்டி வாடகையும் கூலியும் இலவசமல்ல. கிளிஞ்சல் விலைக்குள் இது அடங்குமா என்று நிலையம் முதலில் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.