குழந்தையின் இதயமும் ஹெப்பாரின் ஊசியும்



பிறவி இதயக் குறைபாட்டிற்காக அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் சிலர் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு: “இரத்தக் கட்டிக்குப் போடும் ஹெப்பாரின் ஊசி பன்றியிலிருந்து எடுக்கப்படுகிறதாமே, அது ஹராம் இல்லையா?”

செய்தி உண்மைதான். இன்று பயன்படும் ஹெப்பாரினில் பெரும்பகுதி பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்தே எடுக்கப்படுகிறது. அதிலிருந்து உருவாக்கப்படும் எனாக்ஸபாரினும் அத்தகையதே.

ஆயினும் அது எதைத் தடுக்கிறது என்பதையும் நாம் அறிய வேண்டும். சிகிச்சைக்காக நாளங்களில் செருகப்படும் குழாய்களைச் சுற்றி இரத்தம் உறையலாம். நுரையீரலுக்கு இரத்தம் செல்லப் பொருத்தப்படும் செயற்கைக் குழாய் அடைபட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். ஹெப்பாரின் கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் தடுத்து, உடல் தானே கரைத்துக்கொள்ள அவகாசம் தருகிறது.

நிர்ப்பந்தத்திற்கு உள்ளானவர் மீது குற்றமில்லை என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 173ஆம் வசனம் உணர்த்துகிறது. 2003இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை இம்மருந்தைப் பற்றியே ஆராய்ந்தது. ஈடான ஆகுமான மருந்து இல்லாதபோது, குறைந்த மூலக்கூறு எடையுள்ள ஹெப்பாரினைத் தேவையான அளவு பயன்படுத்தலாம் என்றும், தூய மாற்று கிடைத்தால் அதற்கு மாற வேண்டும் என்றும் தீர்மானித்தது.

மாற்றுகளும் இல்லாமலில்லை. ஆஸ்பிரினும் வார்ஃபரினும் வேதிமுறையில் தயாராகின்றன. ஃபான்டன் அறுவை செய்துகொண்ட, 2 வயது நிரம்பிய குழந்தைகளுக்குக் கட்டி வராமல் தடுக்க, 2021 டிசம்பரில் ரிவராக்ஸபானுக்கு அமெரிக்கா அனுமதியளித்தது. எனினும், ஒன்றின் இடத்தை மற்றொன்று எல்லா நிலையிலும் நிரப்பாது. எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பதை இதய மருத்துவரே கூற இயலும்.

எனவே, பெற்றோர் இக்கேள்வியை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுத் தெளிவது நன்று. வீடு திரும்பியபின் எவரிடமும் கூறாமல் ஊசியை நிறுத்திவிடுவது பேணுதல் அன்று. குழந்தை என்னும் அமானிதத்தை ஆபத்தில் தள்ளுவதாகும். வார்ஃபரின் உண்ணும் குழந்தைக்குக் கருஞ்சீரக எண்ணெயோ நாட்டு மருந்தோ கொடுக்க விரும்பினால், அதையும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆலிம்களாகிய நாமும் மருந்தின் பெயரைக் கேட்டவுடன் ஹராம் என்று தீர்ப்புக் கூறாது, அக்குழந்தையின் நிலையை விசாரித்தறிந்த பின்னரே விடையளிக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நோயுற்ற பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.